லைன் டிரிப் ஆச்சு, ஃபால்ட் எந்த டவர்ல? புதியவர்களுக்கு ஒரு கணக்கு

ராத்திரி 2 மணிக்கு கன்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கிறது. 80 கி.மீ. நீளமுள்ள 230 கே.வி. லைன் டிரிப், அதாவது தானாகவே துண்டிக்கப்பட்டுவிட்டது. இருநூறு சொச்சம் டவர்களில் எதற்குப் பக்கத்தில் கோளாறு (ஃபால்ட்) என்று உங்களைத்தான் கேட்பார்கள். ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம். எண்களைக் கணக்குக்கு வசதியாக வைத்திருக்கிறேன். முறை சப்ஸ்டேஷனில் செய்வதுதான்.

படி 1: முதலில் இது ஃபால்ட்தானா?

ரிலே என்பது லைனைக் கண்காணித்து, கோளாறு என்றால் வெட்டச் சொல்லும் கருவி. அதன் டிஸ்ப்ளேயில் எந்த ஃபேஸ், எந்த ஸோன் (ரிலே பார்க்கும் தூர எல்லை), எவ்வளவு நேரத்தில் டிரிப் என்று பாருங்கள். ஸோன் 1 பொதுவாக லைனின் முதல் 80 சதவீதம்; அதற்குள் ஃபால்ட் என்றால் ரிலே காத்திருக்காது. ஸோன் 2 எதிர்முனையையும் தாண்டிப் பார்க்கும், கொஞ்சம் பொறுத்து வெட்டும். ஸோன் 3 அதற்கும் அப்பால்.

ஸோன் 3 மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள். 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு பினா–குவாலியர் 400 கே.வி. லைன் அப்படித்தான் டிரிப் ஆனது. லைனில் ஃபால்ட்டே இல்லை. லோடு எக்கச்சக்கம், வோல்டேஜ் குறைவு. வோல்டேஜைக் கரன்ட்டால் வகுத்துப் பார்த்த ரிலே, தூரத்தில் எங்கோ ஷார்ட் என்று முடிவு கட்டிவிட்டது. வட இந்திய கிரிட்டே விழுந்தது; மறுநாள் மதியம் இன்னும் பெரிதாக, கிழக்கையும் வடகிழக்கையும் சேர்த்துக்கொண்டு.

நிஜமான ஃபால்ட் என்றால் டி.ஆர். (டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டர்) அலைவடிவத்திலேயே தெரிந்துவிடும். ஒரு ஃபேஸின் வோல்டேஜ் சட்டென்று சரியும், கூடவே அதன் கரன்ட் எகிறும், அதுவரை சும்மா கிடந்த நியூட்ரல் கரன்ட் தலைதூக்கும். மற்ற இரண்டு ஃபேஸும் ஏறக்குறைய பழையபடியே ஓடும். இது ஒற்றை ஃபேஸ் எர்த் ஃபால்ட். ஓவர்ஹெட் லைனில் பெரும்பாலும் வருவது இதுதான்.

படி 2: எண்களை எடுங்கள்

ஃபால்ட் விழுந்தவுடன் வரும் அலையில் டி.சி. கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். பிரேக்கர் திறப்பதற்குச் சற்று முன், அலை நிதானத்துக்கு வந்த ஒரு சுற்றை எடுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். நம் லைனில் ஒய் ஃபேஸ் வோல்டேஜ் 60 கே.வி. (சாதாரணமாக 133 இருக்கும்), கரன்ட் 3000 ஆம்ப்ஸ். இவை லைனில் உள்ள அளவுகள். சில ரிலேக்கள் சி.டி., பி.டி.க்கு (கரன்ட்டையும் வோல்டேஜையும் ரிலேக்கு ஏற்பக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள்) இந்தப் பக்கத்து ஓம்ஸைக் காட்டும். எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: வகுப்பதற்கு முன் நில்லுங்கள்

60,000-ஐ 3000-ஆல் வகுத்தால் 20 ஓம்ஸ். லைன் ரியாக்டன்ஸ் (ஏ.சி. கரன்ட்டுக்கு லைனின் காந்தப்புலம் தரும் தடை) கி.மீ.க்கு 0.4 ஓம்ஸ் என்றால் 50 கி.மீ. டிரெய்னியாக இருந்தபோது நான் இப்படித்தான் போட்டேன். கேங் (லைன் வேலையாட்கள்) அந்த 50-ஆவது கி.மீ.க்குப் போய் மதியம் வரை வெயிலில் நடந்தார்கள். ஒரு இன்சுலேட்டர் டிஸ்க்கில்கூட கீறல் இல்லை. ஃபோர்மேன் திட்டவில்லை. "எர்த் கரன்ட்டைச் சேத்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

சேர்க்கவில்லை. 0.4 என்பது மூன்று ஃபேஸும் சமமாக ஓடும்போது உள்ள கணக்கு. எர்த் ஃபால்ட்டில் கரன்ட் மண் வழியாகவும் எர்த் வயர் வழியாகவும் திரும்பி வர வேண்டும். அந்தப் பாதைக்கான ஜீரோ சீக்வென்ஸ் இம்பிடன்ஸ் (மொத்தத் தடை) அந்த 0.4-ஐப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்றால் வகுங்கள்: 0.67. இதை ஒன்றோடு கூட்டி, கரன்ட்டை 1.67-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 3000 × 1.67 = 5010 ஆம்ப்ஸ். 60,000 ÷ 5010 = 12 ஓம்ஸ். தூரம் 30 கி.மீ.

படி 4: ஆர்க்கைக் கழியுங்கள்

அந்த 12 ஓம்ஸ் முழுக்க லைனுடையது இல்லை. காற்றில் எரிந்த ஆர்க்கும், டவர் காலடி மண்ணும் தங்கள் ரெசிஸ்டன்ஸைச் சேர்த்திருக்கும். ரெசிஸ்டன்ஸை விட்டுவிட்டு ரியாக்டன்ஸை மட்டும் எடுங்கள். வோல்டேஜுக்கும் கரன்ட்டுக்கும் இடையே கோணம் 68 டிகிரி என்றால், 12 × சைன் 68 = 11.1 ஓம்ஸ். அதாவது 27.8 கி.மீ. 30-க்கும் இதற்கும் ஆறு டவர் வித்தியாசம்.

எதிர்முனையிலிருந்தும் கரன்ட் ஃபால்ட்டுக்குள் பாய்வதால் இந்தக் கணக்கும் கொஞ்சம் வழுக்கும். ஃபால்ட்டுக்கு முந்தைய லோடு கரன்ட்டைக் கழித்துச் சரிசெய்யும் டகாகி முறை ஜப்பானிலிருந்து வந்தது. கையால் போட வேண்டாம், ரிலே செய்து கொடுக்கும்.

படி 5: இருமுனை அலை

டிராவலிங் வேவ் லொகேட்டர் இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ஃபால்ட் விழுந்த கணத்தில் ஒரு அலை இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில், மைக்ரோசெகண்டுக்கு 300 மீட்டர் வீதம் ஓடும். இரு முனையிலும் ஜி.பி.எஸ். கடிகாரம் அது வந்த நேரத்தைக் குறிக்கும்.

தூரம் = (லைன் நீளம் + வேகம் × (நம் முனை நேரம் − எதிர்முனை நேரம்)) ÷ 2

நமக்கு 80 மைக்ரோசெகண்ட் முன்னதாக வந்தால், (80 − 0.3 × 80) ÷ 2 = 28 கி.மீ. ஆர்க், மண், லோடு எதுவும் இதைக் கலைக்காது. ஆனால் கடிகாரம் 1 மைக்ரோசெகண்ட் பிசகினால் 150 மீட்டர் தள்ளிப்போகும்.

படி 6: களத்தில்

28 கி.மீ.யை சராசரி ஸ்பேனான (இரு டவர்களின் இடைவெளி) 350 மீட்டரால் வகுத்து டவர் நம்பர் சொல்லாதீர்கள். ஆற்றைத் தாண்டும் இடத்தில் ஸ்பேன் நீளம், ஊருக்குள் குறைவு. டவர் ஷெட்யூலில் (ஒவ்வொரு ஸ்பேனும் எழுதிய பட்டியல்) கூட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் மூன்று மூன்று டவர் கேங்குக்குக் கொடுங்கள். கண்ணாடி டிஸ்க் உடைந்திருந்தால் கீழிருந்தே தெரியும். பீங்கானில் கரிந்த தடம் பார்க்க பைனாகுலர் வேண்டும். கீழேயும் பாருங்கள்: தென்னை மட்டை, பட்டம் விட்ட நூல், கரும்புச் சோகை கொளுத்திய கருப்பு.

லைனை எந்நேரமும் மறுபடி சார்ஜ் செய்யக்கூடும். அறுந்து தரையில் கிடக்கும் கண்டக்டரும் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். எல்.சி. (லைன் கிளியர், வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, இரு முனையிலும் எர்த் போட்டாச்சு என்று காதால் கேட்ட பிறகே யாரையும் டவரில் ஏற்றுங்கள்.