எல்லைக் கோட்டில் கோட்டைவிடாமல் முதல் கொள்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

பிராந்திய சமூக, பொதுக் கொள்கையில் கிராஜுவேட் சர்டிபிகேட் (பட்டதாரிகளுக்கான குறும்படிப்பு) சேர்ந்தால் சீக்கிரமே ஒரு கொள்கைக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். ஒரு சிக்கலையும் அதற்கான பரிந்துரையையும் அதிகாரியிடம் சொல்லும் ஆவணம், இரண்டு பக்கம்தான். நான் எழுதியது "எந்தப் பிராந்தியம்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு திரும்பி வந்தது. தலைப்பிலேயே பெயர் போட்டிருந்தேனே என்று கோபம் வேறு. திருத்தி எழுதும்போதுதான் கேள்வியே புரிந்தது.

படி 1: யாருக்கு எழுதுகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். "அரசு" என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். ஒரு பதவியைக் குறிப்பிடுங்கள்.

படி 2: சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இங்கே மருத்துவமனை இல்லை" என்பது சிக்கல் அல்ல, சிக்கல் வேடம் போட்ட தீர்வு. "கர்ப்பிணிகள் மருத்துவரைப் பார்க்க இரண்டு மணி நேரம் போக வேண்டியிருக்கிறது" என்று எழுதினால் வண்டி வசதி, நடமாடும் மருத்துவக் குழு எல்லாம் கண்ணில் படும்.

படி 3: எல்லை. நான் விழுந்த இடம் இதுதான்.

நிர்வாக எல்லை வேறு, மக்கள் புழங்கும் எல்லை வேறு. ஐரோப்பிய ஒன்றியமும் ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பும் ஒரு வரையறை வைத்திருக்கின்றன: ஓர் ஊரில் குடியிருந்து வேலைக்குப் போகிறவர்களில் குறைந்தது 15 விழுக்காட்டினர் நகரத்துக்குப் போய் வேலை செய்தால், அந்த ஊரும் நகரத்தின் புழக்கப் பகுதியில் சேரும். இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? லண்டனின் மையப் பகுதியைப் பாருங்கள். வெளியிலிருந்து வந்து உழைப்பவர்களின் உற்பத்தி அங்கே கணக்கில் ஏறுகிறது. வகுப்பதோ அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால். தலைக்கான உற்பத்தி எங்கோ போய்விடுகிறது. ஒன்றியத்தின் நிதி ஒதுக்கீட்டில், அந்தத் தலைக்கணக்கு ஒன்றியத்தின் சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் "வளர்ச்சி குன்றிய பிராந்தியம்". கோடு நகர்ந்தால் பணமும் நகரும்.

என் தவறு இன்னொரு வகை. பகுதியின் சராசரியை எடுத்து, அங்கே வாழும் ஆட்களைப் பற்றி முடிவு சொல்லிவிட்டேன். 1950-இலேயே வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் இதை உடைத்துக் காட்டியிருக்கிறார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் அவர்களிடையேதான் அது கூடுதல். உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே குறிப்பின் முதல் பத்தியிலேயே இரண்டு வரி: எந்த எல்லை, ஏன் அந்த எல்லை.

படி 4: வரைபடம். க்யூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இந்த அளவு வேலைக்குத் தேவையே இல்லை. ஒரே கண்ணி: பகுதிக் குறியீடு "07" என்றிருந்தால், விரிதாளில் திறந்ததும் வெறும் 7 ஆகிவிடும். அப்புறம் வரைபடத்தோடு இணைக்கும்போது பாதி ஊர் காணாமல் போகும். கோப்பைத் திறக்கும்போதே குறியீடு உள்ள நெடுவரிசையை "உரை" என்று குறித்துவிடுங்கள்.

படி 5: மூன்று மாற்று வழிகள். அதில் ஒன்று "எதுவும் செய்யாமல் விட்டால்". பரிந்துரையைக் கடைசியில் ஒளித்து வைக்காதீர்கள், மேலே கொண்டுவாருங்கள்.

பிற்சேர்க்கை: குறியீட்டை உரையாக வைத்தும் இணையவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். க்யூஜிஸில் கோப்பைச் சேர்க்கும்போது, புல வகையைத் தானே கண்டறியும் விருப்பத்தை அணைத்துப் பாருங்கள்.

இன்னொருவருக்கு, இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே எல்லையே மாறிவிட்டதாம். பிரிந்த பகுதிகளைப் பழையபடி ஒன்றாக்கி ஒப்பிடுங்கள். ஆனால் இரண்டு விகிதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டாம். வேலையின்மை விகிதம் என்றால், வேலையில்லாதவர்களைத் தனியாகக் கூட்டுங்கள், மொத்த உழைப்பாளர்களை (வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் இருவரையும்) தனியாகக் கூட்டுங்கள், பிறகு வகுங்கள்.