எரிந்தால் பூஞ்சை சாகிறது என்று அர்த்தமில்லை

படை, சேற்றுப்புண் என்று மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும் பழைய மருந்துகளில் ஒன்று விட்ஃபீல்ட் களிம்பு. அதில் 6 சதவீதம் பென்சாயிக் அமிலம், 3 சதவீதம் சாலிசிலிக் அமிலம். முதலாவது பூஞ்சையை வளரவிடாது. இரண்டாவது தோலின் செத்த மேலடுக்கை இளக்கி உரிக்கும். அந்த அடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றுதான் படைப் பூஞ்சை உயிர் வாழ்கிறது. தோல் உரியும்போது அதுவும் கூடவே போகிறது. கண்ணில் படக்கூடாது, பூசியபின் கை கழுவ வேண்டும் என்பதெல்லாம் டியூபிலேயே அச்சிட்டிருக்கும். அதில் இல்லாதவைதான் ஆளைப் படுத்துகின்றன.

எரிச்சலை மருந்தின் வேலை என்று நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. "நல்லா எரியுதுங்க, மருந்து பிடிக்குது" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். சாலிசிலிக் அமிலத்துக்குப் படை பிடித்த தோல், நல்ல தோல் என்ற வித்தியாசம் தெரியாது, இரண்டையும் உரிக்கும். பூசியதும் லேசாகச் சுரீரென்று பிடித்துச் சில நிமிடங்களில் அடங்கினால் பயமில்லை. அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் தோல் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இது அதிகம் நடப்பது தொடை இடுக்கில். அங்கே தோல் மெல்லியது, மடிப்பில் வியர்வை தேங்கும், மேலே இறுக்கமான உள்ளாடை. மூன்றும் சேர்ந்தால் மருந்து உள்ளே இறங்கும் அளவு கூடிவிடும். விதைப்பை அதைவிட மோசம்: ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வேறொரு மருந்தை வைத்து 1967இல் அளந்தபோது, முன்கையைவிட அது 42 மடங்கு உறிஞ்சியது. கைக்கும் காலுக்கும் ஒத்துக்கொண்ட களிம்பு அங்கே புண்ணாக்குவதில் ஆச்சரியமில்லை.

பிறகு நடப்பது ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான். ராத்திரி கெட்டியாகப் பூசிப் படுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் தோல் உரிந்து நீர் கசியும், காலை அகட்டி நடக்க வேண்டிவரும். புண்ணை ஆற்ற, யாரோ சொன்ன கலவை கிரீமை வாங்குவார்கள். அதில் குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். எரிச்சலும் சிவப்பும் இரண்டே நாளில் மறையும். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு அடக்கிவிடுவதால் பூஞ்சை அடியில் தாராளமாகப் பரவும். வட்டமும் விளிம்பும் கலைந்துபோய், மருத்துவருக்கே படை என்று சட்டெனப் பிடிபடாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரி முழுதாக மறையாது. ஒரு சாதாரணப் படையை இந்த நிலைக்குக் கொண்டுபோவது, "எரிஞ்சாத்தான் போகும்" என்ற ஒரே நம்பிக்கை.

வெந்துவிட்டால் களிம்பை உடனே நிறுத்துங்கள். சோப்பு போடாமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். தளர்ந்த வேட்டியோ பாவாடையோ போதும். நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். இடுக்குப் படைக்கு குளோட்ரிமசோல், டெர்பினாஃபைன் போன்ற அமிலமில்லாத கிரீம்கள் இருக்கின்றன. ஆறியபின் எது என்று அவரே சொல்லட்டும்.

சீக்கிரம் ஆற அள்ளிப் பூசுவது

ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அகலத்துக்கு அது போதும். தினம் இரண்டு வேளை, ஈரம் ஒற்றியபின், படையின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை மெல்லிசாகப் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் சுற்றக்கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது.

உடம்பெங்கும் படை இருந்தால் இந்தக் களிம்பு வேண்டாம். சாலிசிலிக் அமிலம் ஆஸ்பிரினின் உறவு; ரத்தத்தில் கூடினால் காதில் இரைச்சல், குமட்டல், தலைசுற்றல், வேகமான மூச்சு வரும். குழந்தைகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது சீக்கிரம் நேரும். கர்ப்பிணிகள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

அரிப்பு நின்றதும் நிறுத்துவது

அரிப்பு நின்றாலும் குறைந்தது நான்கு வாரம் பூச வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் கால்

கால் மரத்துப்போனவருக்கு எரிச்சலே தெரியாது. பூசிய இடம் புண்ணானது, துணியில் ஈரம் பட்ட பிறகுதான் தெரியவரும். விரலிடுக்குச் சேற்றுப்புண்தானே என்று நினைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் ஆணிக்கு ஒட்டும் பட்டையும் இப்படித்தான். அதில் பல 40 சதவீத சாலிசிலிக் அமிலம்.

நகத்திலும் தலையிலும் பூசுவது

பயனில்லை. பெரும்பாலும் மாத்திரைதான் வேண்டியிருக்கும்.

எலுமிச்சை, பூண்டு சேர்த்துத் தேய்ப்பது

வேண்டாம்.

களிம்பு ஊறிய துணியோடு அடுப்படிக்குப் போவது

இதை யாரும் யோசிப்பதில்லை. களிம்பின் அடிப்பொருள் பெரும்பாலும் பாரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு. அது ஊறிய புடவையிலும் லுங்கியிலும் தீப்பொறி பட்டால் வேகமாகப் பிடிக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. சமைக்கப் போகுமுன் துணியை மாற்றிவிடுங்கள்.