குளிர்கால டயரில் உள்ள ஒற்றை எழுத்தும், காரில் வைக்க வேண்டிய எச்சரிக்கையும்

போன அக்டோபரில் குளிர்கால டயர் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, பட்டறைக்காரர் ரசீதோடு ஒரு சின்ன ஸ்டிக்கரையும் நீட்டினார். அதில் 190 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. ஏதோ விளம்பரம் போலிருக்கிறது என்று டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து வந்த நண்பர் பேப்பர் தேடிப் பெட்டியைத் திறந்தார். "இதை ஏன்டா ஒட்டாமல் உள்ளே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். அன்று இரவு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு.

ஜெர்மனியில் கார் ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஜாக்கி எங்கே வைப்பது, போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது.

படி 1: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

205/55 ஆர் 16 91 டி என்பது போல ஒரு வரி இருக்கும். கடைசி இரண்டு மட்டும்தான் இப்போது வேண்டும். 91 என்பது சுமை எண். ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்று பொருள். அதன் பின்னால் வருவது வேக எழுத்து. (தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் 'டி' ஆகிவிடுகின்றன. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்வது 'டயர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை.)

கியூ என்றால் மணிக்கு 160 கி.மீ., ஆர் 170, எஸ் 180, டி 190, எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300.

எச் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அகரவரிசைப்படி அது கியூவுக்கு முன்னால் வர வேண்டும். ஆனால் இங்கே டி-க்கும் வி-க்கும் நடுவில் இருக்கிறது. நான் முதலில் "எச் முன்னாடி வருகிற எழுத்து, அப்படியானால் வேகம் குறைவு" என்று கணக்குப் போட்டு, கடைக்காரர் காட்டிய எச் டயரை வேண்டாம் என்று சொல்லி டி வாங்கி வந்தேன். ஸ்டிக்கர் கதைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்படிகம். அந்தச் சின்னம் இல்லாத டயர் இங்கே குளிர்கால டயர் ஆகாது. வெறும் 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும் என்று பொருள்) மட்டும் உள்ள பழைய டயர்களுக்கு இருந்த சலுகை 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. பனியிலோ வழுக்குப் பாதையிலோ அதை மாட்டிக்கொண்டு பிடிபட்டால் 60 யூரோ அபராதம், கூடவே ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு தண்டனைப் புள்ளி.

படி 2: காரின் உச்ச வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

ஃபார்சோய்க்‌ஷைனை எடுங்கள். அது காரின் பதிவுச் சான்றிதழ். அதில் 'டி' என்ற கட்டத்தில் இருக்கும் எண்தான் காரின் உச்ச வேகம். டயரில் உள்ள டி-க்கும் இந்த டி-க்கும் எந்த உறவும் இல்லை; எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல். 15.1, 15.2 என்ற கட்டங்களில் முன், பின் டயர்களின் அளவு இருக்கும்.

என் காரில் 214 என்று போட்டிருந்தது. வேகமானியில் 260 வரை கோடு போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வெறும் அலங்காரம்.

படி 3: ஒப்பிடுங்கள்

டயரின் வேகம் காரின் உச்ச வேகத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம். குறைவாக இருந்தால் மேலே வாருங்கள். 214-க்கு எச் டயர் போட்டிருந்தாலும் 4 கி.மீ. குறைகிறது, ஆகவே அதற்கும் இந்த வேலை உண்டு.

கோடைக்கால டயரில் இந்தக் குறைவுக்கு இடமே இல்லை. குளிர்கால டயருக்கும், மலைச் சின்னம் உள்ள ஆல்-சீசன் டயருக்கும்தான் ஜெர்மன் வாகன விதித்தொகுப்பின் 36-ஆம் பிரிவு சலுகை தருகிறது. நிபந்தனை ஒன்றுதான்: டயருக்கு அனுமதித்த வேகம் ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஸ்டிக்கராக இருக்க வேண்டும், அல்லது அந்த வேகத்தை எட்டுவதற்குள் காரின் திரையே காட்ட வேண்டும். அந்த வேகத்தைத் தாண்டவும் கூடாது. சுமை எண்ணுக்கு இப்படி எந்தச் சலுகையும் கிடையாது, அதில் கை வைக்காதீர்கள்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் விறைக்காமல் இருக்கும்படி மென்மையாகச் செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பு முழுக்கக் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்விப் பிடிப்பது அவைதான். ஆனால் வேகம் ஏற ஏற அந்தத் துண்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து நெளிந்து சூடாகும். வேக எழுத்து உண்மையில் வெப்பத்தின் கணக்கு: முழுச் சுமையோடு எவ்வளவு வேகத்தில் ஓடினால் டயர் அந்தச் சூட்டைத் தாங்கும் என்பது.

படி 4: ஸ்டிக்கரை ஒட்டுங்கள்

வேகமானிக்குப் பக்கத்தில், ஸ்டியரிங் மறைக்காத இடத்தில். காற்றுப்பை மூடியின் மேல் வேண்டாம். முன் கண்ணாடியின் நடு மேல்பகுதியும் வேண்டாம், கேமரா அங்கேதான் இருக்கும். அவ்வளவுதான்.

படி 5: காரில் எச்சரிக்கையை வையுங்கள்

நான் முழித்த இடம் இது. ஸ்டிக்கர் சட்டத்துக்குப் போதும். ஆனால் ஒட்டி இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும், பிறகு அது இருப்பதே தெரியாது. ஒலி எழுப்பும் எச்சரிக்கையும் கூடவே வேண்டும் என்பது என் கட்சி.

முதல்முறை நான் மெனுவில் 'வேக எச்சரிக்கை' என்று கண்ணில் பட்டதைத் தொட்டு ஏதோ அமைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை காரைக் கிளப்பினால் எல்லாம் பழையபடி. மறுபடி அமைத்தேன், மறுபடி போனது. கார் பழுது என்றே நினைத்துவிட்டேன். பழுது காரில் இல்லை. ஒரே மாதிரிப் பெயரில் மூன்று விஷயங்கள் உள்ளே இருக்கின்றன.

ஒன்று, சாலைப் பலகையைப் படித்து எச்சரிப்பது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். அணைத்து வைத்தாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது தானே திரும்பி வரும். நான் தொட்டது இதைத்தான். டயர் விஷயத்தில் இதனால் ஒரு பயனும் இல்லை. வேக வரம்பே இல்லாத ஆட்டோபானில் (ஜெர்மன் விரைவுச்சாலை) தானே நாம் டயரின் வேகத்தைத் தாண்ட வாய்ப்பு? அங்கே படிக்கப் பலகை இல்லை, ஆகவே இது வாயைத் திறக்காது.

இரண்டு, ஸ்டியரிங் பக்கத்துப் பொத்தானில் வரும் லிமிட்டர். அந்தப் பயணத்துக்கு மட்டும் வேகத்தைப் பிடித்து வைக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் விட்டுவிடும்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: குளிர்கால டயர் வரம்பு. வண்டியை அணைத்தாலும் இது மறக்காது. இதை ஓட்டுநர் உதவி பக்கத்தில் தேடி நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக் கார்கள் பலவற்றில் இது 'டயர்' என்ற பக்கத்துக்குள், காற்றழுத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மெனு ஜெர்மனில் இருந்தால் 'விண்டர்ரைஃபன்' (குளிர்கால டயர்) என்ற சொல்லைத் தேடுங்கள். பல மெர்சிடஸ் கார்களில் இது எச்சரிப்பதோடு நிற்காமல் வேகத்தையே பிடித்துக்கொள்ளும். 160-க்கும் 240-க்கும் இடையில் அமைக்கலாம்.

என்ன எண் வைப்பது? டயர் 190 என்றால் நான் 180 வைக்கிறேன். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பதே விதி. ஆகவே முள் 190-இல் நிற்கும்போது கார் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் ஓடும். அப்படியானால் 190 வைத்தால் போதாதா என்றால், போதும். ஆனால் இறக்கத்தில் மணி அடித்த பிறகு காலை எடுப்பதற்குள் முள் ஏறிவிடுகிறது. காசேல் நகரத்துப் பக்கம் ஏ7 ஆட்டோபானில் மலை இறங்கியவர்களுக்கு இது புரியும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க 180-இல் பறக்க வேண்டியதில்லை. உங்கள் கார் சின்ன எண்ணையும் ஏற்றுக்கொண்டால் தற்காலிகமாக 50 வைத்து ஒரு தெருவைச் சுற்றுங்கள். மணி அடித்ததும் ஓரம் கட்டி சரியான எண்ணுக்கு மாற்றுங்கள். மாற்ற மறந்தால் ஆட்டோபான் ஏறியதும் கார் உங்களை மறக்க விடாது.

மெனுவில் இந்த வசதியே இல்லாத பழைய கார்களுக்கு, காரின் கணினியோடு இணைக்கும் ஒரு செருகியைப் பொருத்தி உள்ளிருக்கும் ரகசியக் குறியீட்டை மாற்றினால் வரும் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் விருப்பமில்லை. ஸ்டிக்கர் இருக்கிறதே, போதும்.

படி 6: வசந்தத்தில் எடுத்துவிடுங்கள்

இங்கே 'அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை' என்று ஒரு வழக்கம் உண்டு. கோடை டயர் மாட்டும் அன்றே எச்சரிக்கையை அணைத்து ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது நான் எச் வாங்குவேன், வி-க்குப் போக மாட்டேன். ஆட்டோபானில் பரிந்துரைக்கும் வேகமே 130. 1978-இலிருந்து அதுதான். குளிர்காலத்தில் நான் அதைத் தாண்டுவது அபூர்வம். ஓட்டாத வேகத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பின்சேர்க்கை 1: "அமைத்தேன், ஆனால் என் மனைவி ஓட்டும்போது மணி அடிக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். சில கார்கள் அமைப்புகளை ஒவ்வொரு சாவிக்கும், ஒவ்வொரு ஓட்டுநர் பெயருக்கும் தனித்தனியாகச் சேமிக்கின்றன. வீட்டில் இரண்டு சாவி இருந்தால் இரண்டிலும் போய் வையுங்கள். நானும் இதைக் கவனிக்காமல்தான் இருந்தேன்.

பின்சேர்க்கை 2: மெலிந்த ஸ்டெப்னியில் 'எம்' என்று இருக்கிறது, அப்படியானால் 130 போகலாமா என்று ஒரு கேள்வி. கூடாது. எழுத்து என்னவாக இருந்தாலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் 80 என்ற எண்தான் கணக்கு.

பின்சேர்க்கை 3: மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் முதலில் படி 2-ஐச் செய்துவிட்டு மற்றதைப் படியுங்கள். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-இன் பெரும்பாலான மாடல்களின் உச்ச வேகம் 160-தான், ஆகவே அவற்றுக்கு டி டயரே அதிகம்; ஸ்டிக்கரும் வேண்டாம், மணியும் வேண்டாம். பேட்டரியின் கனத்தால் மின்சாரக் கார்களுக்குச் சுமை எண்தான் முக்கியம். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.