கார் சொல்லும் மைலேஜ், பங்க் பில் சொல்லும் மைலேஜ்

அப்பா சங்ககிரியில் ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டியவர். லோடு இறக்கிவிட்டு வண்டி திரும்பி வந்ததும் டிரைவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன ஓடுச்சு, எவ்ளோ குடிச்சுது?" பங்கில் டீசல் நுரை அடங்கும்வரை நின்று, மேலும் ஒன்றிரண்டு லிட்டர் இறக்கிய பிறகுதான் 'ஃபுல்' என்று ஒப்புக்கொள்வார். கோயமுத்தூரில் நான், பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் கார் வாங்கிய இந்த இரண்டு வருஷமாக அவருடைய கேள்வியைத்தான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். ஹைப்ரிட் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் அந்த நோட்டைத்தான் நீட்டுகிறேன்.

முதலில் அளக்கும் முறை. பங்கில் நாஸில் தானாக 'டக்' என்று கட் ஆகும்வரை நிரப்புங்கள். "அண்ணா, ரவுண்டா போட்டுரட்டுங்களா?" என்று தம்பி கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ரவுண்டு இன்றைக்கு 300 மில்லி, அடுத்த முறை 800 மில்லி என்று மாறிக்கொண்டே இருக்கும். டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, வழக்கம்போல் ஓட்டி, கால் டேங்குக்குக் கீழே வந்ததும் அதே பங்க், முடிந்தால் அதே பம்பில், மறுபடி கட் ஆகும்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை பில்லில் இருக்கும் லிட்டரால் வகுத்தால் சரி.

போன மாத நோட்டில் ஒரு வரி: 612 கிலோமீட்டர், 26.4 லிட்டர். வகுத்தால் 23.2. அதே 612 கிலோமீட்டருக்கு கார் திரை காட்டியது 25.1. நம் மனசு நோகக் கூடாது என்று பேசுகிற சொந்தக்காரர் மாதிரிதான் இந்தத் திரை. என் வண்டியில் அது ஏழெட்டு சதவீதம் கூட்டித்தான் சொல்கிறது. உங்கள் வண்டியில் எவ்வளவு என்பது அளந்தால்தான் தெரியும்.

ஒரு முறை நிரப்பிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கட் ஆகும் இடம் ஒரு லிட்டர் முன்னே பின்னே இருக்கலாம். 26 லிட்டரில் ஒரு லிட்டர் என்றால் 4 சதவீதம் போச்சு. தொடர்ந்து மூன்று நான்கு முறை நிரப்பி, மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் அந்தப் பிழை கரைந்துவிடும். தனித்தனி மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுக்கவும் கூடாது. போகும்போது 100 கிலோமீட்டர் 20 கொடுத்து, வரும்போது 100 கிலோமீட்டர் 10 கொடுத்தால் சராசரி 15 இல்லை; 15 லிட்டரில் 200 கிலோமீட்டர், அதாவது 13.3.

இன்னொரு ஏமாற்றும் இடம். 12 கொடுக்கும் வண்டியை 15 ஆக்குவது பெரிதா, 20 கொடுப்பதை 25 ஆக்குவது பெரிதா? கேட்டால் எல்லோரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் 1.67 லிட்டர் மிச்சம், இரண்டாவதில் ஒரே ஒரு லிட்டர். அதனால் எந்த வண்டியையும் எந்த வண்டியோடும் ஒப்பிட, 100 கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று கொண்டுவந்துவிடுங்கள். சிஎன்ஜி கிலோவில் விற்கிறது, கரண்ட் யூனிட்டில் வருகிறது. சிஎன்ஜி 26 கொடுக்கிறது என்பதை பெட்ரோல் 26-உடன் நேராக வைக்க முடியாது. ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கும் சக்தி சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ரூபாய் மட்டும்தான் எல்லாருக்கும் பொதுவான தராசு.

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் வருகிற ஒன்றரை லிட்டர் எஞ்சின் 'ஸ்ட்ராங்' ஹைப்ரிட்டுக்கு (மோட்டார் தனியாகவும் வண்டியை இழுக்கும் வகை) 2022-ல் அறிவித்த மைலேஜ் 27.97. அதில் பித்தலாட்டம் ஒன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில், உருளைமேல் ஓட்டி, ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த எண் அது. மே மாசம் மத்தியானம் காந்திபுரத்தில் எடுத்தது இல்லை. அதே கிராண்ட் விட்டாரா 'மைல்ட்' ஹைப்ரிட்டாகவும் விற்கிறது. அதன் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்குமே தவிர, தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது. ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து இதை வாங்கிவிட்டு 27 வரவில்லை என்று அழுதால் நான் என்ன செய்ய?

சரி, எங்கே லாபம், எங்கே இல்லை? நான் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போகிற வாரங்களில் 23-க்குக் கீழே இறங்கியதில்லை. சிக்னலில் எஞ்சின் அணைந்துவிடும், பிரேக் போட்டால் பேட்டரியில் சேரும், நகர்ந்து நகர்ந்து போகும்போது மோட்டாரே இழுக்கும். ஆனால் போன பொங்கலுக்கு மச்சானும் நானும் ஆளுக்கொரு காரில் சென்னை போனோம். அவருடையது டீசல். நாலுவழிச் சாலையில் இரண்டு பேரும் 100, 110 என்றே போனோம். போய்ச் சேர்ந்து நிரப்பினால் எனக்கு 18.4, அவருக்கு 18.9. "என்ன மாப்ளே, உங்க பேட்டரி தூங்கிருச்சா?" என்றார். தூங்கத்தான் செய்தது. பிரேக்கே போடாத ரோட்டில் எதைச் சேமிக்கும்? வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அங்கே எஞ்சின் மட்டும்தான் உழைக்கிறது.

ரூபாயில் சொன்னால் இன்னும் தெளிவு. பெட்ரோல் 101, டீசல் 92 என்று வைத்தால், அந்தச் சென்னைப் பயணத்தில் 100 கிலோமீட்டருக்கு எனக்கு 549 ரூபாய், மச்சானுக்கு 487. ஊருக்குள் அவர் வண்டி 12.8 கொடுக்கிறது: 719 ரூபாய். எனக்கு 23-க்கு 439. வீட்டில் சார்ஜ் போடும் எலெக்ட்ரிக் கார் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சுவர் மீட்டரில் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 128 ரூபாய்தான். ஆனால் சுவர் மீட்டரில்தான் அளக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போதே கொஞ்சம் வீணாகிறது, அது கார் திரையில் வராது. வெளியில் வேகமாக சார்ஜ் போட்டால் யூனிட் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும்.

மலையில் வேறு கதை. ஊட்டியிலிருந்து இறங்கும்போது பேட்டரி நிரம்பி வழியும் என்று நானும் ஆசைப்பட்டேன். மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களோடு ஒன்றரை டன் வண்டி என்றால் ஏழு யூனிட்டுக்கு மேல் சக்தி அதில் இருக்கிறது. இந்த வண்டியின் பேட்டரி மொத்தமே முக்கால் யூனிட்! பாதி மலை தாண்டுவதற்குள் நிரம்பிவிட்டது, மீதி எல்லாம் சூடாகத்தான் போனது. அப்போது கியரை 'B'யில் (பார்க்கிங் 'P' இல்லை) போட்டு எஞ்சினைக் கொண்டு பிடித்து வரவேண்டும். பிரேக்கைக் காய்ச்சக் கூடாது.

பள்ளிக்கூடம் வரை இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு என்று ஓட்டுகிறவர்களுக்கும் ஹைப்ரிட் அவ்வளவாகக் கைகொடுக்காது. குளிர்ந்த எஞ்சின் சூடேறவே அந்தத் தூரம் போய்விடும். டயர் காற்று மாதம் ஒருமுறை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் சக்தி ஆறேழு சதவீதம் குறைவு என்பதால் பழைய நண்பர்கள் சொல்லும் பழைய மைலேஜோடு ஒப்பிட வேண்டாம்.

இனி வாங்குகிற கணக்கு. சாதாரண பெட்ரோல் வண்டிக்கும் ஹைப்ரிட்டுக்கும் எனக்குச் சொன்ன விலை வித்தியாசம் 2 லட்சத்து 80 ஆயிரம். சாதாரண பெட்ரோல் 14, ஹைப்ரிட் 22 என்று வைத்தால் 100 கிலோமீட்டருக்கு 2.6 லிட்டர், ஏறக்குறைய 262 ரூபாய் மிச்சம். 2,80,000-ஐ 262-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கிப் பாருங்கள்: போட்ட காசு திரும்ப 1 லட்சத்து 7 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் ஆயிரம் ஓட்டுகிறவருக்கு ஒன்பது வருஷம். ஊருக்குள்ளேயே மாதம் 2,500 ஓட்டுகிறவருக்கு மூன்றரை வருஷம். மச்சான் மாதம் மூவாயிரம் ஓட்டுகிறார், ஆனால் முக்கால்வாசி பைபாஸில். அவருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கொடுக்கும்போது அவர்கள் காட்டும் காலி ரோட்டில் ஓட்டாதீர்கள். நீங்கள் தினமும் போகும் வழியில், சாயங்காலம் ஆறு மணிக்கு, ஏசி போட்டு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். டிரிப் மீட்டரை நீங்களே பூஜ்யமாக்குங்கள். கிளம்பும்போது பேட்டரியில் எத்தனை கட்டம் இருந்தது, முடிக்கும்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறைந்து கிளம்பி காலியாய் முடித்தால் மைலேஜ் கூடத்தான் தெரியும், அந்தக் கரண்டை அப்புறம் பெட்ரோல் எரித்துத்தான் நிரப்பும். திரையில் வரும் எண்ணில் ஏழெட்டு சதவீதம் கழித்துவிட்டு நோட்டில் எழுதுங்கள்.