மூன்றாம் வகுப்புக் கணக்கு: டெல்லி வீடுகளுக்கு

நடுவில் பூஜ்யம் வரும் கழித்தலில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். 302-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 276 என்று எழுதுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவதே காரணம். விளையாட்டு நோட்டுகளை எடுங்கள்: மூன்று நூறு, இரண்டு ஒரு ரூபாய். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கச் சொல்லுங்கள். இப்போது 2 நூறு, 9 பத்து, 12 ஒன்று. 178-ஐ எடுத்தால் மிச்சம் 124. அதோடு 178-ஐக் கூட்டிச் சரிபார்க்கட்டும். கையால் பழகிய பிறகே நோட்டுப் புத்தகம், அவசரம் வேண்டாம்.

ஹிந்தி எண்களிலும் கவனம் தேவை. 59 ‘உன்ஸட்’, அதாவது அறுபதுக்கு ஒன்று குறைவு. தமிழில் யோசிக்கும் பிள்ளை 69 என எழுதிவிடும். 19 முதல் 79 வரை ஒன்பதில் முடிபவை எல்லாம் இப்படித்தான். 89, 99 விலக்கு.