குழாயில தண்ணி நின்னுட்டா, இல்ல கலங்கி வந்தா, குடிக்கிற தண்ணிக்கு என்ன வழி?

சிங்கப்பூர்ல குழாயைத் தொறந்து அப்படியே பிடிச்சுக் குடிக்கலாம், அதுல சந்தேகமே வேணாம். ஆனா அந்த நம்பிக்கையிலயே நிறைய வீட்டுல ஒரு பாட்டில் தண்ணிகூட எடுத்து வைக்கிறதில்ல. 1963ல இங்க தண்ணி ரேஷன் இருந்துச்சுன்னு சொன்னா பிள்ளைங்க நம்பக்கூட மாட்டாங்க. ரோட்டுக்கு அடியில பைப் வெடிச்சாலோ பிளாக்ல, அதாவது நம்ம அடுக்குமாடிக் கட்டடத்துல, பம்ப் கெட்டுப்போனாலோ சில மணி நேரத்துக்காவது திண்டாடணும், அந்த நேரத்துல குடிக்கிற தண்ணிய எப்படிப் பார்த்துக்கறதுன்னு புதுசா குடித்தனம் வந்தவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன்.

1. முதல்ல என்ன பிரச்சனைன்னு பாருங்க

எடுத்த எடுப்புல அடுப்பைப் பத்த வைக்காதீங்க. தண்ணி சுத்தமா நின்னுடுச்சா, பழுப்பா வருதா, இல்ல ஏதாவது வாடை அடிக்குதா? மூணுக்கும் வழி வேற வேற.

நின்னுடுச்சுன்னா பக்கத்து வீட்லயும் கேளுங்க. நிறைய பிளாக்ல கீழ் மாடிகளுக்கு ரோட்டு மெயின்ல இருந்து நேரா தண்ணி வரும், மேல் மாடிகளுக்கு மொட்டை மாடி டேங்க்ல இருந்து இறங்கும். அதனால ரோட்டுல பைப் வெடிச்சா ரெண்டாவது மாடியில குழாய் காஞ்சிருக்கும், பத்தாவது மாடியில நல்லா கொட்டிக்கிட்டு இருக்கும், டேங்க் காலியாகற வரைக்கும்தான். மேல இருக்கறவங்க "நமக்கு வருதே"ன்னு சும்மா இருக்காம அப்பவே குடிக்க மட்டும் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கலாம், ஆனா குளியல் தொட்டியெல்லாம் ரொப்ப வேணாம், டேங்க் எல்லாருக்கும் பொது.

பழுப்பா வந்தா பெரும்பாலும் அது பைப்புக்குள்ள படிஞ்ச துருவும் வண்டலும்தான், தண்ணி ஓட்டம் திடீர்னு மாறும்போது கிளம்பி வருது. பச்சத்தண்ணிக் குழாயை மட்டும் தொறந்து தெளியற வரைக்கும் ஓட விடுங்க, வர்றத வாளியில பிடிச்சு டாய்லெட்டுக்கு ஊத்திக்கலாம். ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் அப்ப போடாதீங்க, ஹீட்டருக்குள்ள வண்டல் போயிடும், வெள்ளைச் சட்டையெல்லாம் கறையாயிடும்.

பெட்ரோல், பெயிண்ட், கெமிக்கல் மாதிரி வாடை வந்தா குடிக்கவே கூடாது, சமைக்கவும் வேணாம். இங்கதான் நிறைய பேரு "கொதிக்க வச்சா சரியாயிடும்"னு நினைக்கிறாங்க. கொதிக்க வைக்கிறது கிருமியைத்தான் கொல்லும், கெமிக்கலை எடுக்காது. தண்ணி விநியோகம் பண்ற பொதுப் பயனீட்டுக் கழகத்தோட (PUB) 24 மணி நேர நம்பர் 1800-225-5782, கூப்பிட்டுச் சொல்லிடுங்க. உங்க பிளாக் டேங்க், பம்ப் பிரச்சனைன்னா பிளாக்கைப் பராமரிக்கிற டவுன் கவுன்சிலுக்குச் சொல்லணும்.

2. பாத்திரம்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு வச்சுக்கோங்க, குடிக்க, சமைக்க, பல் விளக்க எல்லாம் சேர்த்து. நாலு பேர் வீடுன்னா 16 லிட்டர், அதாவது 1.5 லிட்டர் பாட்டில்ல 11. மினரல் வாட்டர் பாட்டில், மூடி போட்ட எவர்சில்வர் குடம் எதுவா இருந்தாலும் சரி. சோப்பு டப்பா, எண்ணெய் டின், தரை தொடைக்கிற வாளி எதுவும் வேணாம்.

பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவிட்டு, 1 லிட்டர் தண்ணிக்கு 1 டீஸ்பூன் வாசனை சேர்க்காத பிளீச் கலந்து, உள்பக்கம் பூரா படற மாதிரி அரை நிமிஷம் குலுக்கிக் கொட்டிட்டு, நல்ல தண்ணியில அலசிக் கவுத்து வைங்க. தண்ணி லாரி வந்து நிக்கும்போது கீழ இறங்குறீங்கன்னா இந்த மாதிரி கழுவினத எடுத்துட்டுப் போங்க, லாரித் தண்ணி சுத்தமா இருந்து உங்க வாளி அழுக்கா இருந்தா என்ன பிரயோஜனம்.

பிடிச்சு வச்ச குடத்துக்குள்ள கையை விட்டு மொள்ளாதீங்க, நீளக் கரண்டியால எடுங்க இல்ல சாய்ச்சு ஊத்துங்க. மூடி கட்டாயம், இது குடிக்கிற தண்ணிக்கு மட்டும் இல்ல, டாய்லெட்டுக்கு வச்ச வாளிக்கும்தான். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும், முட்டையில இருந்து பறக்கிற கொசுவா வந்துடும், அப்புறம் டெங்கி ஒரு பக்கம், சுற்றுப்புற வாரியத்து அபராதம் ஒரு பக்கம்.

3. கொதிக்க வைக்கறது

கொதிக்க வச்சுக் குடிங்கன்னு அறிவிப்பு வந்தாலோ, பிடிச்ச தண்ணி மேல சந்தேகம் இருந்தாலோதான் இது. கலங்கலா இருந்தா கொஞ்ச நேரம் தெளிய விட்டு, வெள்ளைத் துணியில வடிகட்டிட்டு அப்புறம் கொதிக்க வைங்க. ஓரத்துல சின்னச் சின்னக் குமிழி வர்றது கொதி இல்ல, தளதளன்னு பொங்கி ஒரு நிமிஷம் ஆகணும். பத்து நிமிஷம் வச்சு கேஸை வீணாக்க வேண்டியதில்ல. மூடியோட அப்படியே ஆற விடுங்க, பச்சத்தண்ணிய ஊத்தி ஆத்திடாதீங்க!

கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கறவங்க கொதிச்ச தண்ணிய ரொம்ப ஆற விட வேணாம், 70 டிகிரிக்குக் கீழ போறதுக்கு முன்னாடியே கலக்கிட்டு அப்புறம் பாட்டிலைக் குளிர வைங்க, பவுடர்லயும் கிருமி இருக்கலாம். குடுக்கறதுக்கு முன்னாடி மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுச் சூடு பாருங்க.

கரண்டும் இல்ல கேஸும் இல்லன்னா கடைசி வழி பிளீச். 5லிருந்து 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட்னு போட்டிருக்கணும், வாசனை, கலர் எதுவும் சேர்த்திருக்கக் கூடாது. தெளிஞ்ச தண்ணி 1 லிட்டருக்கு 2 சொட்டு, கொஞ்சம் கலங்கலா இருந்தா 4, கலக்கிட்டு 30 நிமிஷம் விடுங்க. லேசா குளோரின் வாடை அடிக்கும், பரவாயில்ல.

ஃபில்டர் இருக்கே, போதாதா?

ஜக் ஃபில்டர் வாடையையும் ருசியையும் கொஞ்சம் சரி பண்ணும், கிருமியைக் கொல்றதுக்கு அதை நம்பாதீங்க. இன்னொன்னு, இந்த மாதிரி நேரத்துலதான் வீட்டுக் கதவைத் தட்டி ரெண்டு கம்பியை கிளாஸ்ல விட்டுக் கரண்ட் குடுத்து "பாத்தீங்களாக்கா, உங்க தண்ணி எவ்ளோ அழுக்கு"ன்னு காட்டுவாங்க. அந்தப் பழுப்பு இரும்புக் கம்பியிலேயே கரைஞ்சு வர்றது, எந்த நல்ல குழாய்த் தண்ணியில விட்டாலும் அப்படித்தான் ஆகும். ஃபில்டர் விக்கிற வித்தை, ஆயிரக்கணக்குல பிடுங்கிட்டுப் போயிடுவாங்க.

4. தண்ணி திரும்ப வந்ததும்

குழாயை மெதுவா தொறங்க, காத்து அடைச்சுக்கிட்டுப் பட்டுப் பட்டுன்னு தெறிக்கும். தெளியற வரைக்கும் ஓட விட்டுட்டு, குழாய் வாயில இருக்கற சின்ன வலையைத் திருகிக் கழட்டிப் பாருங்க, துரு மணல் மாதிரி நிக்கும், அலசி மாட்டிடுங்க. ஃபில்டர் வச்சிருந்தா உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜை மாத்திடுங்க. பிரச்சனை நேரத்துல ஃப்ரிட்ஜ்ல உறைய வச்ச ஐஸ் கட்டி இருக்கும் பாருங்க, அத எல்லாரும் மறந்துட்டு மத்தியானம் பண்டுங் (ரோஸ் சிரப் போட்ட பால்) கலக்கும்போது போட்டுடுவாங்க, அதையும் எடுத்துக் கொட்டிடுங்க.