வெப் ஆப் லாக் எழுத மாட்டேங்குதா? 777 போடாம சரி பண்ணலாம் வாங்க

கானாடுகாத்தான்ல பழைய வீட்டை விடுதியா நடத்துற ஒரு ஆச்சிக்கு ரூம் புக்கிங் ஆப் ஒண்ணு செஞ்சு குடுத்திருந்தேன், உபுண்டு சர்வர், அப்பாச்சி, பிஎச்பி, பெருசா ஒண்ணுமில்ல. ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. ஆப் நடந்ததை எல்லாம் எழுதிவைக்கிற ஃபைல்தான் லாக், அதை ராத்திரி சுத்தம் பண்ண ஒரு வேலையை சேத்துவிட்டேன், மறுநாள் காலைல ஆச்சி போன். "தம்பி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல யாருக்கும் ரூம் போட முடியலையாமப்பா, சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தவுக வாட்சப்ல கேக்குறாக". சைட்டை திறந்தா 500 எரர், அப்பாச்சியோட எரர் லாக்ல பாத்தா நம்ம ஆப்போட லாக் ஃபைல் பேரு, பக்கத்துல "பெர்மிஷன் டினைடு".

இது புதுசா சர்வர் பக்கம் வர்ற எல்லாருக்கும் வரும், அதனால பொறுமையா ஒவ்வொண்ணா போவோம். கமாண்டை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ்லயே எழுதுறேன், நீங்க டெர்மினல்ல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.

முதல் படி, எழுதுறது யாருன்னு கண்டுபிடிக்கணும்

பேரேட்டுல கணக்கப்பிள்ளைதான் எழுதணும், ஆனா உங்க சர்வர்ல கணக்கப்பிள்ளை யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க லாகின் பண்ற யூசர் இல்ல. முழு அதிகாரமுள்ள ரூட் யூசரும் இல்ல. இதை அடிச்சு பாருங்க:

பிஎஸ் ஏயூஎக்ஸ் | கிரெப் அப்பாச்சி2

முதல் வரியில ரூட் இருக்கும், அது தலைமை ப்ராசஸ், அதை விடுங்க. அதுக்குக் கீழ உள்ளதுக்கெல்லாம் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டான்னு ஒரு யூசர் இருக்கும், உபுண்டு, டெபியன்ல இவர்தான் எழுதுறவர். உங்க பேர்ல கிரெப்னு ஒரு வரி வந்தா அது நீங்க இப்ப தேடுனதுதான், அதையும் விடுங்க. ராக்கி, அல்மா மாதிரி ரெட்ஹாட் வகையில அப்பாச்சின்னே யூசர் பேரு இருக்கும். பிஎச்பியை எஃப்பிஎம்மா, அதாவது தனி ப்ராசஸா ஓட்டினா, எஃப்பிஎம் எந்த யூசர்ல ஓடுதோ அவர்தான்.

ரெண்டாவது, ஃபைல் யாரோடது

எல்எஸ் -எல் /வார்/லாக்/விடுதி

எனக்கு வந்தது இது:

-ஆர்டபிள்யூ-ஆர்--ஆர்-- 1 ரூட் ரூட் ஆப்.லாக்

இந்த ஒரு வரியை நிதானமா படிச்சிங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. முதல்ல நிக்கிற கோடு இது சாதாரண ஃபைல்னு சொல்லுது, அதை விட்டுட்டு மூணு மூணு எழுத்தா பிரிச்சு படிக்கணும், முதல் மூணு ஓனருக்கு, அடுத்த மூணு க்ரூப்புக்கு, கடைசி மூணு மத்தவங்களுக்கு. ஆர்னா படிக்கலாம், அது 4, டபிள்யூன்னா எழுதலாம், அது 2, எக்ஸ்னா ஓட்டலாம், அது 1. இங்க ஓனர் ரூட், அவருக்கு 4+2 ஆறு, மத்தவங்களுக்கு வெறும் 4. நம்ம வெப் யூசர் மத்தவங்க கணக்குல வர்றாரு, அதனால படிக்கலாம், ஒரு எழுத்து எழுத முடியாது.

ஃபைல் சரியா இருந்தும் எரர் வந்தா வழியைப் பாக்கணும். நம்ம செட்டிநாட்டு வீடுகளை நினைச்சுக்கோங்க, முகப்பு தாண்டி வளவு, வளவு தாண்டி ரெண்டாங்கட்டு, அப்புறம்தான் அடுப்படி, நடுவுல ஒரு நிலைக்கதவு பூட்டியிருந்தா அடுப்படி திறந்தே இருந்தும் போக முடியாதுல்ல, ஃபோல்டரும் அப்படித்தான். வழியில உள்ள ஒவ்வொரு ஃபோல்டர்லயும் எக்ஸ் இருந்தாதான் உள்ள போக முடியும். எல்லா கதவையும் ஒரே தடவைல காட்டுறதுக்கு:

நேம்ஐ -எல் /வார்/லாக்/விடுதி/ஆப்.லாக்

777 ஏன் வேணாம்

தேடினா முதல்ல கிடைக்கிற பதில் சிஎச்மாட் 777தான், அதாவது ஓனர், க்ரூப், மத்தவங்க மூணு பேருக்கும் 4+2+1. எரர் போயிரும், உண்மைதான். ஆனா அந்த சர்வர்ல உள்ள எந்த ப்ரோக்ராமும் உங்க லாக்கை மாத்தலாம், அழிக்கலாம், நாளைக்கு யாராச்சும் உள்ள புகுந்தா அவங்க தடத்தையே அழிச்சிட்டு போகலாம். இன்னொண்ணு பலருக்குத் தெரியாது, ஃபோல்டர் எல்லாரும் எழுதுற மாதிரி இருந்தா லாக்ரொட்டேட் (பழைய லாக்கை ஒதுக்கி வச்சு புதுசு தொடங்குற ப்ரோக்ராம், அதைத்தான் லாக்கை சுத்துறதுன்னு சொல்றோம்) அதை பாதுகாப்பில்லாததுன்னு சொல்லி அந்த லாக்கை சுத்தாமலே விட்டுரும், ஃபைல் வளந்துகிட்டே போயி ஒருநாள் டிஸ்க் நிறைஞ்சு சர்வரே நின்னுரும்.

சரியான வழி

வார் லாக் ஃபோல்டரோட பெர்மிஷனைத் தொடாதீங்க. அதுக்குள்ள ஆப்புக்குன்னு தனி ஃபோல்டர் (முன்னாடி வர்ற சூடோன்னா ரூட் அதிகாரத்தோட ஓட்டுறது):

சூடோ எம்கேடிர் -பி /வார்/லாக்/விடுதி
சூடோ சிஎச்ஓன் -ஆர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா:ஏடிஎம் /வார்/லாக்/விடுதி
சூடோ சிஎச்மாட் 750 /வார்/லாக்/விடுதி
சூடோ சிஎச்மாட் 640 /வார்/லாக்/விடுதி/ஆப்.லாக்

சிஎச்ஓன்ல வர்ற -ஆர் மட்டும் பெரிய எழுத்து. ஏடிஎம்ங்கிறது லாக் படிக்கிறவங்களுக்கான க்ரூப், உங்க யூசரை அதுல சேத்துட்டா சூடோ இல்லாமலே லாக் பாக்கலாம். இப்ப அந்த யூசராவே எழுதிப் பாருங்க, இந்த டெஸ்ட்டை மட்டும் விட்டுடாதீங்க:

சூடோ -யூ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா டச் /வார்/லாக்/விடுதி/ஆப்.லாக்

ஒண்ணுமே சொல்லாம அடுத்த வரிக்கு வந்தா சரியாயிருச்சு.

மறுநாள் திரும்ப வந்தா?

எனக்கு வந்துச்சு. காரணம், நான் சேத்த அந்த ராத்திரி வேலை ரூட்டோட க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டுற பட்டியல்) இருந்துச்சு, அது பன்னெண்டு மணிக்கு பழைய லாக்கை நகத்திட்டு முதல் வரியை தானே எழுதும், யாரு முதல்ல எழுதுறாங்களோ ஃபைல் அவங்க பேர்லதான் பொறக்கும், அதனால ஒவ்வொரு ராத்திரியும் புது ஃபைல் ரூட் பேர்ல வந்து வெப் யூசர் வெளியில நின்னாரு. அந்த வேலையை ரூட்டுல இருந்து எடுத்து இங்க போட்டேன்:

சூடோ க்ரான்டேப் -யூ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா -இ

லாக்கை நகத்துற வேலையையும் லாக்ரொட்டேட்கிட்டயே விட்டேன், அந்த செட்டிங்ல "க்ரியேட் 0640 டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா ஏடிஎம்"ங்கிற வரி இருந்தா சுத்துன பிறகு வர்ற புது ஃபைலும் சரியான ஆள் பேர்ல வரும். லாக்ரொட்டேட் -டி போட்டு (டெபியன்ல வர்ற டி), கூடவே அந்த செட்டிங் ஃபைல் பேரையும் குடுத்து ஓட்டினா எதையும் மாத்தாம என்ன செய்யும்னு மட்டும் காட்டும்.

சிஸ்டம் லாக்லயே எழுதணும்னா

சிஸ்லாக் ஃபைலைத் திறந்து நேரா எழுதப் போகாதீங்க, அது சிஸ்லாக் யூசரோடது, அப்படியே இருக்கட்டும். பிஎச்பில சிஸ்லாக் ஃபங்ஷன் இருக்கு, பைத்தான்ல சிஸ்லாக்ஹேண்ட்லர், அதுக கிட்ட குடுத்தா போதும், உள்ள எழுதுறது சிஸ்டத்தோட வேலை. டெஸ்ட் பண்ண லாக்கர் -டி விடுதி "வணக்கம்"னு அடிச்சு, ஜர்னல்சிடிஎல் -டி விடுதின்னு பாருங்க, இங்க ரெண்டுலயும் டெர்மினல்ல வர்ற டி. பெர்மிஷன் தலைவலியே இல்ல, சின்ன ஆப்புக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

ரெட்ஹாட் வகை சர்வர்ல எல்லாம் சரியா இருந்தும் டினைடுன்னா எஸ்இலினக்ஸ்ங்கிற கூடுதல் பாதுகாப்பு தடுக்குதான்னு பாக்கணும், எல்எஸ் -இசட் போட்டு லேபிளைப் பாருங்க, அந்த -இசட் பெரிய எழுத்து, லாக் ஃபோல்டருக்கு எச்டிடிபிடி லாக் வகை லேபிள் வேணும். எஸ்இலினக்ஸையே ஆஃப் பண்ணிட்டு போயிராதீங்க.

க்ரானை மாத்தின மறுநாள் விடியக்காலம் எந்திரிச்சதும் எல்எஸ் போட்டேன். ரூட் இருந்த இடத்துல டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, உள்ள 12:01க்கு ஒரு வரி, 12:40க்கு சிங்கப்பூர்க்காரவுக போட்ட ரூம்.